முடிச்சு அவிழாத பை

"காணாமப் போன பொருள் எவ்வளவு பெருசு?" என்று சித்தி கேட்டாள்.

முதலாளி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இறுக்கி ஒட்டவைத்துக் காட்டினார். "இந்த ரெண்டு விரலுக்கு நடுவுல இருக்கிற இடத்தைவிடச் சின்னது."

"நடுவுல இடமே இல்லையே சார்," என்றேன் நான்.

"அதான் சொல்றேன்."

போன கேஸில் காணாமல் போனது ஒரு லாரி. அதைக் கண்டுபிடிப்பதற்குள்ளேயே எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. இது என்னடா புது வம்பு என்று சித்தியைப் பார்த்தேன். அவளோ ரொம்ப நாளாகக் கேட்ட பொம்மை கையில் கிடைத்த குழந்தை மாதிரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

சித்தி என்றால் என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. ஊருக்கு அவள் தனியார் துப்பறிவாளர். எனக்கு அவள் சம்பளம் தருகிற சித்தி. சம்பளத்தைவிடத் திட்டுதான் தாராளமாக வரும். நான் அவளுடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, கதவைத் தட்டுவது, உள்ளே நாய் இருந்தால் முதலில் போவது எல்லாம் என் இலாகா.

"போலீஸுக்குப் போகாம எங்களை ஏன் கூப்பிட்டீங்க?"

முதலாளி குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் அது கீழ்த்தளத்துப் பல் டாக்டர் வரைக்கும் கேட்டிருக்கும். "எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும், மேடம். என் மருமகதான். போலீஸைக் கூப்பிட்டா என் பையன் மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? நீங்க கமுக்கமா, அத்தாட்சியோட பிடிச்சுக் கொடுங்க. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டருங்க சரக்கைப் பாக்க வர்றாங்க. அதுக்குள்ள திருப்பிக் கொடுத்துட்டா போனாப் போகுதுன்னு விட்டுடறேன். இல்லைன்னா அவளுக்கு இங்க வேலையும் கிடையாது, என் வீட்டு வாசப்படியும் கிடையாது."

கமுக்கமாகப் பிடிக்க வேண்டிய அந்த மருமகள் அதே அறையில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், வெள்ளைக் கோட்டுடன் நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. முதுகு மட்டும் வளையவில்லை. அவளுக்குப் பக்கத்தில் அவள் கணவன். முதலாளிக்கு ஒரே மகன், கம்பெனிக்கு ஒரே கணக்காளர். ஷூ நுனியில் ஏதோ அதிசயம் நடக்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எடுக்கல, மாமா," என்றாள் மருமகள்.

"நான் பேசிட்டிருக்கேன்ல?" என்றார் முதலாளி. "போன வாரம் போட்டிக் கம்பெனியிலிருந்து இவளுக்கு போன் வந்தது. வேலைக்கு வரச் சொல்லி! என் காதால கேட்டேன்."

"நான் வரலைன்னு சொன்னதையும் கேட்டீங்களா?"

"அதுக்குள்ள எனக்கு வேற போன் வந்துடுச்சு."

சித்தி எழுந்தாள். "சார், நீங்க உங்க ரூம்ல உக்காருங்க. சரக்கு இருந்த இடத்தை இந்தப் பொண்ணே காட்டட்டும்."

"திருடினவளே காட்டினா..."

"அப்பத்தான் சீக்கிரம் கிடைக்கும்," என்று சொல்லி சித்தி அவர் மூக்குக்கு முன்னால் கதவைச் சாத்தினாள். மகனும் எங்கள் பின்னாலேயே வந்தான்.

ஆய்வுக்கூடம் என்றதும் நான் புகையும் குமிழியும் எதிர்பார்த்தேன். இருந்தது ஒரு நீள மேஜை, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு பிளாஸ்டிக் வாளி. சுவரெங்கும் முதலாளியின் கட்டளைகள். குழாய்க்கு மேல் 'ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.' விளக்கு சுவிட்சுக்கு மேல் 'அணைத்தாயா?' கைகழுவும் இடத்தில் 'ஏற்கெனவே சுத்தமான கையை ஏன் கழுவுகிறாய்?' மனிதர் பத்து வருடத்துக்கு முன்புவரை மாவு மில் நடத்தினவராம். மில்லை விற்ற காசில், படித்த மருமகளை நம்பி இந்தக் கம்பெனியை ஆரம்பித்தாராம்.

"இதுக்கு டென்ட்ரிமர்னு பேரு," என்றாள் மருமகள். "நாங்க மரம்னு சொல்லுவோம். நடுவுல ஒரு சின்ன மூலக்கூறு. அதோட ஒவ்வொரு நுனியிலயும் ரெண்டு கிளை ஒட்டுவோம். அந்தக் கிளை ஒவ்வொண்ணுலயும் மறுபடி ரெண்டு. ஒவ்வொரு சுத்தும் ஒரு தலைமுறை. இது அஞ்சாவது தலைமுறை. இந்த அளவுக்கு வளர்ந்ததும் கிளையெல்லாம் நெருங்கி, ஒரு உருண்டையா ஆயிடும்."

"எங்க பெரியப்பா வம்சம் அப்படித்தான் பெருகிச்சு," என்றேன். "ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டா மண்டபம் பத்தாது."

"நீ சும்மா இருடா. நீ சொல்லும்மா, இதால என்ன பிரயோஜனம்?"

"உள்ளே கிளைக்கு நடுவுல பொந்து பொந்தா இடம் இருக்கு. அதுல புற்றுநோய் மருந்தை வச்சுடலாம். வெளி நுனியில விலாசம் மாதிரி ஒண்ணை ஒட்டிடுவோம். ரத்தத்துல போற உருண்டை அந்த விலாசத்தைப் பாத்து, கெட்ட செல்லுக்குள்ள மட்டும் நுழைஞ்சு மருந்தை இறக்கும். நல்ல செல் தப்பிச்சுக்கும். நோயாளிக்கு முடி கொட்டுறது, வாந்தி எல்லாம் குறையும். ஒரு தலைமுடி அகலத்துக்குள்ள இதுல பத்துப் பதினைஞ்சாயிரம் உருண்டையை வரிசையா நிக்க வைக்கலாம்."

இவ்வளவு நேரம் எங்கள் முன்னால் அழாமல் இருந்தவள் அதைச் சொல்லும்போது கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வேலை போவதைவிட, வீட்டு வாசல் போவதைவிட, தான் வளர்த்த மரத்தைத் தானே திருடியதாகச் சொன்னதுதான் பொறுக்கவில்லை. எனக்கு அந்த நிமிஷமே முதலாளியை அவருடைய வாளியிலேயே அமுக்கலாம் போலிருந்தது.

வாளியில் தண்ணீர் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அதில் மிதந்தது, கண்ணாடி மாதிரி மெல்லிய ஒரு நீளப்பை. இரண்டு முனையிலும் முடிச்சு.

"மரம் வளர்த்து முடிச்சதும் மிச்சம் மீதி அழுக்கு நிறைய ஒட்டிட்டிருக்கும்," என்றாள் மருமகள். "அதைக் கழுவணும். இந்தப் பையில கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கு. சின்ன அழுக்கு வெளியே தண்ணிக்குப் போயிடும். பெரிய உருண்டை உள்ளேயே நிக்கும். தண்ணியை மாத்தி மாத்தி அஞ்சு நாள் வைக்கணும். சனிக்கிழமை சாயங்காலம்தான் கட்டி வச்சேன். டாக்டருங்க சீக்கிரம் வர்றதா மாமா திடீர்னு சொல்லிட்டாரு. ரெண்டு நாள் கழுவினதையாவது காட்டலாம்னு இருந்தேன். காலையில வந்து பாத்தா உள்ளே வெறும் தண்ணி."

"வெறும் தண்ணின்னு எப்படித் தெரிஞ்சுது? சரக்கும் தண்ணி மாதிரிதானே இருக்கும்?"

மருமகள் ஒரு கைவிளக்கை எடுத்தாள். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு. "எங்க போகுதுன்னு தெரியறதுக்காக உருண்டை மேல ஒரு சாயம் ஒட்டியிருக்கேன். பகல்ல பாத்தா ஒண்ணும் தெரியாது. இந்த வெளிச்சத்துல பச்சையா மின்னும்." விளக்கைப் பையின்மேல் காட்டினாள். ஏதோ லேசாகப் பச்சை தெரிந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

சித்தி பையைத் தூக்கி, முடிச்சுகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். "இந்த முடிச்சை உன்னைத் தவிர யாருக்குக் கட்டத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அதனாலதான் மாமா என்னைச் சொல்றாரு."

"அதனாலதான் நான் உன்னைச் சொல்லல. இந்தப் பை ஒரு தடவை மடிச்சா கோடு விழுந்துடுது. அவிழ்த்து மறுபடி கட்டியிருந்தா ரெண்டு கோடு இருக்கணும். இங்க ஒரே கோடு. சனிக்கிழமை கட்டினதை யாரும் தொடவே இல்ல."

"அப்ப திருடன் எப்படி உள்ளே போனான்?" என்றேன்.

"அவன் உள்ளே போகலடா. சரக்கு வெளியே வந்திருக்கு. விளக்கை எடுத்துட்டு வா. பச்சை எங்க எங்க இருக்குன்னு பாப்போம்."

விளக்கு என் கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு மேஜை, நாற்காலி, ஃப்ரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். கதவைத் திறந்தேன். வெளியே இருட்டு வராந்தாவில் ஓர் உருவம் மார்பு முழுக்கத் தகதகவென்று ஒளிர்ந்தபடி நின்றது.

"சித்தி! ஆள் ஆப்பிட்டாச்சு!" என்று கத்தி அதன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன்.

"யோவ், விடுய்யா!" என்றது உருவம். முதலாளி. கதவில் காது வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அது சட்டை துவைச்ச சோப்புத்தூள், சார்," என்றாள் மருமகள். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பை அடக்கினாள். "வெளுப்பா தெரியறதுக்கு அதுல ஒண்ணு சேர்ப்பாங்க. அது நீலமா மின்னும். நம்ம சரக்கு பச்சை."

மகனின் பல்கூட மின்னியது. அதுவும் நீலம்தான். அவன் வாயைத் திறந்ததே அப்போதுதான், அதுவும் கொட்டாவிக்கு.

சித்தி கை கழுவும் தொட்டிக்குப் போனாள். "கழுவின தண்ணியை எங்கம்மா ஊத்துவே?"

"இதுலதான்."

விளக்கு அடித்தேன். தொட்டியில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. சித்தியின் புருவம் ஏறியது. அவளுக்குப் புருவம் ஏறினால் எனக்கு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

"தரையைப் பாருடா."

குனிந்தேன். வாளியின் பக்கத்தில் ஒரு பச்சைச் சொட்டு. ஓரடி தள்ளி இன்னொன்று. முட்டி போட்டுக்கொண்டு பின்தொடர்ந்தேன். சொட்டுகள் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. கதவைத் தாண்டி, வராந்தாவில் நேராகப் போய், முதலாளியின் அறைக்குள் நுழைந்தன. என் பின்னால் சித்தி, அவள் பின்னால் மருமகள், அவள் பின்னால் மகன், கடைசியில் "என் ரூம்ல என்ன வேலை?" என்று கேட்டபடி முதலாளி. கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் வந்த ஒரு பாட்டியம்மாள் படியிலிருந்து எட்டிப் பார்த்து, ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து வழிவிட்டார்.

அறையில் முதலாளியின் மேஜைக்குப் பின்னால் ஒரு மணி பிளான்ட் தொட்டி. விளக்கைக் காட்டினேன். மண் முழுக்கப் பச்சையாக ஜொலித்தது. மேஜைக்கு அப்பால் பால்கனியில் வரிசையாக ஏழெட்டுத் தொட்டிகள். அத்தனையும் பச்சை.

"பாத்தீங்களா!" என்று முதலாளி குதித்தார். "திருடினதை என் ரூம்லயே ஒளிச்சு வச்சிருக்கா! என்மேலயே பழி போடப் பாக்கிறா!"

"சார்," என்றாள் சித்தி, "திருடன் பொருளைப் பையில போட்டுக்குவான், பெட்டியில போட்டுக்குவான். செடிக்கு ஊத்துவானா?"

முதலாளி யோசித்தார்.

"இந்தக் கட்டிடத்துல கழுவின தண்ணியைக்கூடச் சாக்கடையில கொட்ட மனசு வராத ஆளு எத்தனை பேரு?"

முதலாளி இன்னும் யோசித்தார். நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஞாயித்துக்கிழமை இங்க யாராவது வந்தாங்களான்னு காலையில போன்லயே கேட்டேன். யாரும் வரலைன்னீங்க."

"யாரும் வரலையே."

"நீங்க?"

"நானா? நான் யாரோவா? நான் முதலாளி!"

"வந்தீங்களா, இல்லையா?"

"வந்தேன். தண்ணி மாத்திட்டுப் போனேன். காலையில ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். அழுக்குத் தண்ணிதானே, செடிக்காவது ஆகட்டும்னு ஊத்தினேன். அதுல என்ன தப்பு?"

"மாமா," என்றாள் மருமகள் மெதுவாக, "அந்தத் தண்ணியில சரக்கு எப்படி வந்துது? அஞ்சாம் தலைமுறை அந்த ஓட்டையில நுழையவே நுழையாது."

"அதெல்லாம் எனக்கென்னம்மா தெரியும்? வேலை சீக்கிரம் முடியணும்னு நான் புது ரோல்கூட வாங்கி வச்சேன்."

மருமகள் அவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன ரோல், மாமா?"

"பை ரோல்தான். அஞ்சு நாள் கழுவணும்னு நீ சொன்னியா, கடைக்காரனைக் கேட்டேன். ஓட்டை பெரிய ரகம் இருக்கு, ஒரே நாள்ல கழுவிடும்னான். உன்கிட்டச் சொன்னா ஆயிரம் வியாக்கியானம் சொல்லுவே. அதான் பழைய பெட்டியிலேயே புது ரோலைப் போட்டு வச்சுட்டேன். பெட்டியை எதுக்கு வீணாக்கணும்?"

மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பெட்டி மேல எழுதியிருந்ததைப் பாத்து வெட்டினேன். ரோலைப் பாக்கவே இல்லையே நான்!"

"ஓட்டை பெருசானா வேகம் கூடும். இதுகூடத் தெரியாதா?" முதலாளி இன்னும் பெருமையாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். "இருபது வருஷம் சல்லடையோட குடித்தனம் நடத்தினவன் நான்."

சித்தி அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். "சார், உங்க மில்லுல சல்லடைக்குக் கீழே விழுறது என்ன?"

"மாவு."

"மேல நிக்கிறது?"

"தவிடு, குப்பை. தனியா ஒதுக்கிடுவோம்."

"எது சரக்கு?"

"கீழே விழுறதுதான்."

"இங்க எது சரக்கு?"

முதலாளி வாயைத் திறந்தார். பையிருந்த பக்கம் பார்த்தார். செடியைப் பார்த்தார். மறுபடி பையிருந்த பக்கம் பார்த்தார். ஒரு மனிதர் முகத்தில் மாவு எது, தவிடு எது என்று இடம் மாறுவதை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"ஐயோ," என்றார். "மாவை நானே கொட்டிட்டேனா?"

"திருடனைப் பிடிச்சாச்சு," என்றேன். "கமுக்கமா, அத்தாட்சியோட. வாசப்படி விஷயம் என்ன செய்யறதா உத்தேசம், சார்?"

சித்தி என் காலை மிதித்தாள். மிதித்தது வலிக்கவில்லை என்பதால் அவளுக்கும் சம்மதம்தான் என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் மருமகள் யாரையும் பார்க்கவில்லை. பால்கனிக்கு ஓடிப்போய்த் தொட்டிகளை எண்ணுகிற மாதிரி விரலை நீட்டினாள். "மாமா, மூணு வாளித் தண்ணி. இந்தச் செடிங்க அவ்வளவு குடிச்சிருக்காது. மீதியை என்ன செஞ்சீங்க?"

முதலாளி குற்றவாளி மாதிரிக் கை நீட்டினார். பால்கனி மூலையில் மூடி போட்ட ஒரு பீப்பாய். "நேத்துக் காலையில மாத்தினது. இந்த வாரத்துக்கு ஆகும்னு பிடிச்சு வச்சேன்."

மூடியைத் திறந்து விளக்கைக் காட்டினேன். பீப்பாய் முழுக்கப் பச்சை. உள்ளே யாரோ பல்பு போட்டு வைத்திருக்கிற மாதிரி ஒளிர்ந்தது. அந்தக் கஞ்சத்தனத்துக்கு நான் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

எல்லோரும் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினோம். நடுவில் பொடி ஓட்டை வடிகட்டி வைத்த சின்னச் சின்னக் குழாய்களில் பீப்பாய்த் தண்ணீரை ஊற்றி, மருமகள் ஒரு யந்திரத்தில் வைத்துச் சுழற்றினாள். தண்ணீர் கீழே இறங்கியது, உருண்டைகள் மேலே தங்கின. மறுபடி ஊற்றினாள், மறுபடி சுழற்றினாள். நான் குழாய் எடுத்துக் கொடுத்தேன். சித்தி மூடி போட்டாள். முதலாளி பீப்பாயிலிருந்து மொண்டு மொண்டு கொண்டு வந்தார், ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல். நாலு மணிக்குச் சற்று முன்னால் ஒரு விரல் உயரப் புட்டி நிறைந்தது. விளக்கில் அது பச்சையாகச் சுடர்விட்டது.

"நோயாளிக்கு ஊசியில போடுறதைப் புதுசா, ஒழுங்கா செய்யணும்," என்றாள் அவள். "காட்டுறதுக்கு இது போதும். டாக்டருங்ககிட்ட அதையும் சொல்லிடுவேன்."

முதலாளி தொண்டையைக் கனைத்தார். "அம்மா, நான் உன்னைத் திருடின்னு சொன்னேன். தப்பு. பெரிய தப்பு. என்னை மன்னிச்சுடு." சொல்லும்போது அவருக்குக் குரல் இறங்கியது. அந்தக் குரல் இறங்கும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

"சரி, மாமா," என்றாள் மருமகள். "நீங்க சந்தேகப்பட்டீங்க, முகத்துக்கு நேரே சொன்னீங்க. தப்புன்னு தெரிஞ்சதும் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிட்டீங்க. உங்கமேல எனக்குக் கோபம் ஆறிடும்." பிறகு சித்தியிடம் திரும்பினாள். "மேடம், உங்களுக்கு இன்னொரு கேஸ் தரலாமா?"

"சொல்லும்மா."

"காலையிலிருந்து இவரோட வாயைக் காணோம்." கணவனைக் கைகாட்டினாள். "என்னைத் திருடின்னு சொல்லும்போது பக்கத்துலதான் நின்னுட்டிருந்தாரு. எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க."

ஷூவைப் பார்க்கப் போன மகன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்," என்றான்.

"எப்பத் தெரியும்?"

"காலையிலேயே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"அப்பா பேசிட்டிருந்தாரு."

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட. முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை, தலையில் நரை எட்டிப் பார்க்கிறது, அதைத்தான் உண்மையான காரணமாகச் சொன்னான்.

முதலாளி மகனையே பார்த்தார். அப்புறம் வெடித்தார். "நான் பேசிட்டிருந்தா என்னடா? குறுக்கே பேசேன்டா! கட்டினவளுக்காகக்கூட எனக்குக் குறுக்கே பேச மாட்டியா? அப்படியாடா உன்னை வளர்த்தேன்?"

அப்படித்தான் வளர்த்திருந்தார். அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். பீப்பாய்த் தண்ணீர் மொண்ட குவளையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவு திறந்து மூன்று டாக்டர்கள் உள்ளே வந்தார்கள். முதலாளிக்குப் பழக்கம் விடுமா? குவளையோடு முன்னால் போய், நெஞ்சை நிமிர்த்தி, "வாங்க, வாங்க! இந்தச் சரக்கு பாருங்க, எங்க கம்பெனி..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா."

முதலாளி நின்றார். நாங்கள் எல்லோரும் நின்றோம்.

"ஒரு நிமிஷம், அப்பா," என்றான் மகன். குரல் நடுங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. "இதைச் செஞ்சது என் மனைவி. இவங்க பேசட்டும்."

முதலாளியின் வாய் அரைத் திறப்பில் நின்றது. பிறகு மூடிக்கொண்டது. அவர் ஒதுங்கிப் போய் என் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மருமகள் கணவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, நன்றியும் சொல்லவில்லை. புட்டியைக் கையில் எடுத்தாள். என்னிடமிருந்து ஊதா விளக்கை வாங்கி அவன் கையில் திணித்தாள்.

"பிடிங்க," என்றாள். "ஆடாம பிடிங்க."